ஐந்து வோல்ட் மிச்சம்

இரவு பதினொன்றே முக்கால். ஹஸ்லிண்டா அழைத்தாள்:
"காக், கார்டு மறுபடியும் காணோம்."

காணோம் என்றால் களவு போகவில்லை.
செனோக்கோ மீன் கிடங்கில், கணினிப் பெட்டிக்குள்,
ஒற்றைத் திருகைப் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் நிற்கிறது.
பட்டியலில்தான் பெயர் இல்லை.
ஏழு மணிக்கு ஏதோ அப்டேட்டாம்.
தானே படுத்துத் தானே எழுந்த இயந்திரம்
எழும்போது ஓர் உறுப்பை மறந்துவிட்டது.

ஆறு குளிரறைகளின் வெப்பநிலை
அந்தக் கார்டின் வழியாகத்தான் திரைக்கு வரும்.
ஏழு வரை கோடு ஓடியிருக்கிறது:
மைனஸ் இருபது, மைனஸ் இருபது,
மைனஸ் பத்தொன்பது புள்ளி எட்டு.
பிறகு வெள்ளை.
காலை எட்டுக்குத் தணிக்கை.
கதவு சரியாகத்தான் மூடியிருந்தது என்று
மீனா வந்து சாட்சி சொல்லும்?

ஈசூனிலிருந்து டாக்சி. மழையில் வாடகை இரட்டிப்பு.
வழியெல்லாம் எனக்குள் ஒரு மெத்தனம்:
இந்த நோய்க்கு எனக்கு மருந்து தெரியும்.
ஜூலையில் வந்தபோது
கார்டைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப்
பென்சில் ரப்பரால் தேய்த்து, ஊதி, செருகினேன். வந்தது.
"தூசி. சரிசெய்யப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
ஆகஸ்டில் பக்கத்துத் துளைக்கு மாற்றினேன். வந்தது.
"துளை பழுது."
செப்டம்பரில் புதுக் கேபிள். தொண்ணூறு வெள்ளி.
முதலாளி குவெக் முகம் சுளிக்காமல் கட்டினார்.
வந்தது.

இன்றும் ரப்பரில் தொடங்கலாம் என்று பையைத் துழாவினேன்,
பென்சில் இல்லை.
ஹஸ்லிண்டா மேசைக்கடியில் குனிந்திருந்தாள்.
"அணைச்சிட்டேன் காக். ஆனா உள்ளே
பச்சை விளக்கு ஒண்ணு எரியுதே, அது யாருக்கு?"

பச்சை விளக்கு.
தாய்ப்பலகையின் மூலையில், மிளகளவு.
அணைத்த பின்னும் சுவரிலிருந்து
ஐந்து வோல்ட் கசிந்துகொண்டே இருக்கும்.
தெரிந்த பாடம்தான், பரீட்சையில்கூட எழுதியிருக்கிறேன்.
ரீஸ்டார்ட்டில் அது அறுவதே இல்லை.
விக்கித்துப்போன கார்டு
விக்கித்தபடியே அடுத்த விடியலுக்கும் வரும்;
பெயர் கூப்பிட்டால் வாய் திறக்காது.

ரப்பர், துளை, கேபிள்.
மூன்று தடவையும் தொடுமுன்
ஒன்று செய்திருந்தேன், கணக்கிலேயே சேர்க்காமல்:
கரண்ட் அடிக்கும் என்ற பயத்தில்
சுவரிலிருந்து வயரை உருவியிருந்தேன்.

உருவினோம். வேறு எதையும் தொடவில்லை.
பவர் பொத்தானை அவள் அழுத்திப் பிடித்தாள்.
அவள் மலாயில் எண்ணினாள், நான் தமிழில்.
இருபதுக்குப் பக்கத்தில் பச்சை மங்கி,
ஒரு தரம் துடித்து, செத்தது.
செருகினோம்.
பட்டியலின் நான்காவது வரியில் நின்றது,
எங்கேயும் போகாத முகத்தோடு.

சும்மா விடுவேனா. ரீஸ்டார்ட் கொடுத்தேன்: காணோம்.
உருவிச் செருகினேன்: வந்தது.
இப்படியே மூன்று முறை. அவள் கொட்டாவி விட்டாள்.

படிவத்தில் "காரணம்" என்ற கட்டம் தீப்பெட்டி அகலம்.
அதை விட்டுவிட்டு,
"ரீஸ்டார்ட் வேண்டாம். அணை, உருவு, முப்பது எண்ணு, செருகு"
என்று பெட்டிமேல் ஒட்டினேன்.
பழைய மூன்று அறிக்கைகளை என்ன செய்வது?
தொண்ணூறு வெள்ளியைப் பற்றி
குவெக்கிடம் எந்த மொழியில் பேச்செடுப்பது?

"வெள்ளைக்கு?" என்றேன், அந்த ஐந்தரை மணி நேரத்துக்கு.
ஹஸ்லிண்டா ஒரு பழுப்பு நோட்டை நீட்டினாள்.
ஏழிலிருந்து அரைமணிக்கொரு தரம்
பஞ்சுக் கோட்டு மாட்டி, கைவெப்பமானியோடு
ஆறு அறைக்கும் போய் வந்திருக்கிறாள்.
முதல் வரி மட்டும் பேனா.
குளிரில் மை உறைந்துவிட்டதாம்.
மீதியெல்லாம் பென்சில், என்னுடையது,
ஜூலையில் நான் விட்டுப்போனது,
ரப்பர் முனை கறுத்துத் தேய்ந்து.